செங்கல்லும் சாளரமும்

தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்று, காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த யொஹானஸ்பேர்க் கோட்டைச் சிறை வளவிலேயே 2004 இல் திறக்கப்பட்டது. அங்கிருந்த விளக்கமறியற் கட்டடம் இடிக்கப்பட்டு, அதன் செங்கற்கள் மன்றின் சுவரில் அடுக்கப்பட்டன. படிக்கட்டுக் கோபுரங்கள் நான்கு மட்டும் எஞ்சின. இக்குறியீடு பெரிதும் வியந்துரைக்கப்படுகின்றது. எனினும், விளக்கம் கேளாத ஒருவருக்கு அது வெறுஞ் செங்கற்சுவரே. இடிபட்ட அறையின் ஒடுக்கத்தை அது உரைக்காது. மரத்தடி நீதியை நினைவூட்டும் சாய்தூண்களும் இவ்வாறே உரையாசிரியரை வேண்டி நிற்பன.

சாளரம் அவ்வாறன்று. நீதியரசர் ஆசனங்களின் பின்னே நீளும் கண்ணாடிக் கீற்று, உள்ளே தலையுயரத்திலும் வெளியே தரைமட்டத்திலும் அமைந்துள்ளது. வெளியே செல்வோரின் பாதங்கள் நீதியரசரின் தலைக்கு மேலாக நகர்வதை வழக்காட வந்தவர் காண்கின்றார். எழுத்தறியாதவருக்கும் இது விளங்கும். அக்காட்சியை எளிதிற் காண இயலாதவர் நீதியரசர் மட்டுமே. அவர்களுக்கு அது முதுகுப்புறம்.