கோட்டில் நின்ற அழகு

1960களின் லண்டன் இளம்பெண்கள் போட்டுக்கொண்ட கண் ஒப்பனையைக் குட்டைப் பாவாடையோடு சேர்த்து இளமைக் கூத்து என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அதை ஓவியக் கலையோடு சேர்க்கவே எனக்குத் தோன்றுகிறது. 1966-ல் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ் அந்த ஆண்டின் முகமாக அறிவித்த மாடல் ட்விகியைப் பாருங்கள்; அப்போது அவருக்கு வயது 16. மேலிமை மடிப்பில் ஒரு கருங்கோடு, கனத்த பொய் இமைமயிர், கண்ணுக்குக் கீழே தோலின் மேலேயே தூரிகையால் ஒவ்வொன்றாக இழுத்த மயிர்க் கோடுகள். அவை வரைந்தவை என்பது பார்த்தவுடனே தெரியும். தெரியட்டும் என்றுதான் வரைந்தார்கள். உதட்டை வெளிற விட்டதும் அதே கணக்கில்தான். பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பிரிட்டனில் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கியதே 1967-ல். கறுப்பு வெள்ளையில் சிவப்பு உதடு வெறும் சாம்பல் திட்டு. மைக்கோடு மட்டும் நினைத்தபடியே விழும். ஆடை வடிவமைப்பாளர் மேரி க்வாண்ட் 1966-ல் தம் ஒப்பனைப் பொருள்களை டெய்சிப் பூ முத்திரையோடு சந்தைக்குக் கொண்டுவந்தபோது, வண்ணப் பெட்டியையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். வாங்குபவள் வரையப்போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வளர்ந்த பெண்ணைப் பொம்மையாக்கியது இந்த ஒப்பனை என்பார்கள். ட்விகியைப் பொறுத்தவரை இதை மறுக்க முடியாது. அந்த ஒல்லி உடம்பை இலட்சியமாக்கியதில் கேடும் உண்டு. ஆனால் பழியைக் கோட்டின் மேல் போடுவது சரியல்ல. 1966 மார்ச் பிரிட்டிஷ் வோக் அட்டையில் மாடல் டொனியேல் லூனா வந்தார். அந்த இதழின் அட்டைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். டேவிட் பெய்லி எடுத்த படம். முகத்தின் பெரும்பகுதியை விரல்கள் மறைக்க, நடுவே மை தீட்டிய ஒரு கண் நம்மை அளக்கிறது. (முகத்தை மறைத்தது ஏன் என்று கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானதே.) அந்தப் பார்வையில் பொம்மைத்தனம் எங்கே? அமெரிக்காவில் மாடல் பெக்கி மொஃபிட் அதே மையை நாடக முகமூடிபோலத் தீட்டி, அழகாகத் தெரிவதைவிட விசித்திரமாகத் தெரிவதையே விரும்பினார்.

எல்லாரும் ஒரே அச்சு, எல்லாம் கடைக்காரர் லாபம் என்பது இன்னொரு குறை. லாபம் உண்மை. அச்சு என்பதுதான் இடிக்கிறது. கட்டி மையை ஈரத் தூரிகையில் எடுத்து இழுக்கும்போது, சிக்குக் கோலத்தில் போலவே, கை நடுங்கிய இடம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கண்ணும் ஒத்துவர வேண்டும். அது கடையில் கிடைக்காத சரக்கு. அடுத்த பத்தாண்டில் ஒப்பனையே தெரியாத ஒப்பனை பாராட்டப்பட்டது. அந்த நளினத்தைவிட, வரைந்ததை வரைந்ததென்றே காட்டிய இந்தக் கண்களையே நான் உயர்த்தி வைப்பேன்.