சிறு துளையும் பெருவிரலும்

வாசகர்களே, வெறுங்காலுடன் நின்று மெதுவாக ஓரடி முன்னே எடுத்து வையுங்கள். பின்னால் உள்ள காலின் குதிகால் தரையை விட்டு எழுகிறது. பெருவிரலோ தரையிலேயே படிந்திருக்கிறது. அப்பொழுது பாதம் மடங்குவது பெருவிரலின் அடிமூட்டில்தான். உள்ளங்காலில் ஓடும் உறுதியான நார்ப்பட்டை, உருளையில் கயிறு சுற்றுவது போல, இம்மூட்டைச் சுற்றி இழுபட்டுப் பாதத்தின் வளைவை உயர்த்துகிறது. 1954-இல் ஆங்கில மருத்துவர் ஹிக்ஸ் இதை விளக்கிக் காட்டினார்.

இம்மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்துபோனால், எலும்பு எலும்புடன் உராய்கிறது. மேற்புறத்தில் எலும்பு முளைகள் தோன்றி விரலை மடங்கவொட்டாமல் தடுக்கின்றன. ஒவ்வோர் அடியும் வலிக்கும். முற்றிய நிலையில் இதற்குச் செய்யப்படும் வைத்தியம் முதலில் கேட்பவருக்கு விந்தையாகத் தோன்றும். மடங்க முடியாத மூட்டை முற்றிலும் மடங்காதபடி செய்துவிடுவதே அது! மீந்திருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, இரு எலும்புகளின் முனைகளையும் பொருத்தி, திருகாணியாலோ தகட்டாலோ இறுக்கிவிடுகிறார்கள். முறிந்த எலும்பு கூடுவது போல அவை ஒன்றாகக் கூடிவிடுகின்றன. உராய்வு இல்லை, ஆகவே வலியும் இல்லை. இதனை மூட்டுப் பிணைப்பு என்போம்.

இது புதிய சிகிச்சையன்று. 1894-இல் லண்டனில் கிளட்டன் என்னும் மருத்துவர், கோணிப்போன பெருவிரலை நேராக்க, இம்மூட்டை யானைத் தந்தத்தால் ஆன முளைகளைக் கொண்டு பிணைத்தார். எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டில்தான். புதியது என்னவென்றால், பாதத்தின் மேற்புறத்தைச் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறித் திறக்காமல், சில மில்லிமீட்டர் அளவே உள்ள துளைகளின் வழியாக இதே வேலையைச் செய்து முடிக்கும் முறையாகும். ‘சிறு துளை, சிறு தழும்பு, விரைவான குணம்’ என்று இம்முறை புகழப்படுகிறது. இப்புகழுரையைத்தான் நாம் சற்று உரசிப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘சாவித் துவார அறுவை’ என்றதும் நம் நினைவுக்கு வருவது வயிற்றில் செய்யப்படும் அறுவை. அங்கே துளை வழியே ஒரு காமிரா உள்ளே போகிறது. மருத்துவர் திரையில் உறுப்பைக் கண்ணாரக் காண்கிறார். பெருவிரல் மூட்டிலும் காமிராவை நுழைப்பதுண்டு; ஜப்பானிய மருத்துவர் வாடனாபே 1972-இலேயே அதனை விவரித்திருக்கிறார். ஆனால் துளைவழிப் பிணைப்புகள் பலவற்றில் காமிரா இல்லை. பல் வைத்தியரின் கருவியைப் போன்ற ஒரு சுழல் அரம் உள்ளே செல்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ் கதிர்த் திரையில் தெரியும் நிழலும் மருத்துவரின் விரல் உணர்ச்சியுமே சொல்கின்றன. எக்ஸ் கதிர் நிழலில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. சுரண்டி எடுக்க வேண்டிய பொருளே கண்ணுக்குப் புலப்படாத நிலையில் வேலை நடக்கிறது. ஒரு மூலையில் குருத்தெலும்பு மிஞ்சினால், அந்த இடத்தில் எலும்பு கூடாது. கைதேர்ந்தவர்கள் இதைத் திறமையுடன் செய்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நோயாளிக்குத் தவறான சித்திரத்தைத் தருகிறது.

அடுத்தது வெப்பம். சுழலும் அரம் எலும்பைத் தேய்த்தால் சூடு பிறக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் இருவரும் 1983-இல் முயல்களின் எலும்பில் செய்த சோதனைகளிலிருந்து, 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புத் திசு கெடத் தொடங்கும் என்று காட்டினர்.  அதனால்தான் துளைவழி முறையில் அரத்தை மெதுவாகச் சுழற்றி, இடைவிடாமல் உப்பு நீரைப் பாய்ச்சுகிறார்கள். திறந்த அறுவையிலும் சுழல் கருவிகள் உண்டு. ஆனால் அங்கே எலும்பு கண்ணெதிரே இருக்கிறது, நீர் தாராளமாகப் படுகிறது. உயிருள்ள எலும்பு முனைகள்தாம் ஒன்றோடொன்று கூடும். வெந்துபோனவை கூடா.

இம்முறைக்கு ஆதரவான வாதங்களும் கனமானவையே. மூட்டைச் சுற்றியுள்ள தசையையும் உறையையும் உரிக்காமல் விடுவதால் எலும்புக்கு வரும் இரத்த ஓட்டம் காக்கப்படுகிறது. அரைபட்ட எலும்புத் தூளில் ஒரு பகுதி உள்ளேயே தங்கி, இடுக்குகளை நிரப்பும் ஒட்டுப்பொருளாகப் பயன்படக்கூடும். இவை அறிவுக்குப் பொருந்துகின்றன. அறிவுக்குப் பொருந்துவது வேறு, அளந்து காட்டப்பட்டது வேறு அல்லவா?

‘விரைவான குணம்’ என்னும் சொல்லுக்கு வருவோம். தோல் ஆறுவதற்கு இரண்டு வாரம். எலும்பு கூடுவதற்கு ஆறு வாரத்துக்கும் மேல். சிறு துளை முன்னதில் உதவலாம். பின்னதை அது அவசரப்படுத்துவதாகச் சொல்ல இடமில்லை. ‘மறுநாளே நடக்கலாம்’ என்பதும் அப்படித்தான். கெட்டியான அடிப்பாகமுள்ள காலணியை அணிந்து குதிகாலால் ஊன்றி நடக்கும்படி, திறந்த அறுவைக்குப் பிறகும் பல மருத்துவர்கள் உடனேயே அனுமதிக்கிறார்கள். அந்தப் புகழ் திருகாணிக்குச் சேர வேண்டியது.

பிணைப்பின் வெற்றியைத் தழும்பு தீர்மானிப்பதில்லை. விரல் எந்தக் கோணத்தில் இறுகிவிட்டது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 முதல் 15 பாகை விரல் மேல்நோக்கி இருக்க வேண்டும்; இரண்டாம் விரலின் பக்கம் சிறிது சாய்ந்திருக்க வேண்டும். அளவு மிஞ்சி உயர்ந்தால் விரல் நுனி காலணியில் முட்டும். தாழ்ந்தால் அடுத்த மூட்டு பாடுபடும். அறுவைக் கருவிகள் வைத்திருக்கும் தட்டின் மூடியைத் தரையாகப் பாவித்து, அதில் பாதத்தை அழுத்திப் பார்த்து மருத்துவர்கள் இக்கோணத்தைச் சரிபார்ப்பதுண்டு. எவ்வளவு எளிய உபாயம், பாருங்கள்! துளைவழி முறையிலும் இதைச் செய்யலாம். ஆனால் எலும்பு முனைகளைச் செதுக்கிக் கோணத்தைத் திருத்தும் வசதி அங்கே குறைவு. நீண்ட தகட்டைச் சிறு துளைக்குள் நுழைக்கவும் இயலாது; திருகாணிகளை மட்டுமே நம்ப வேண்டும். தகடும் திருகாணியும் சேர்ந்த பிடிப்பே மிக உறுதியானது என 2003-இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனை காட்டியது.

இனி எண்கள். திறந்த முறைப் பிணைப்புகள் 2,800-க்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, எலும்பு கூடாமல் போனவை 5.4 விழுக்காடு என்றது. அவற்றிலும் மூன்றில் ஒரு பங்குதான் தொல்லை தந்தன. துளைவழி முறைக்கு நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சில பத்து நோயாளிகளைப் பற்றிய, ஒப்பீட்டுக் குழு இல்லாத அறிக்கைகள். மாணவர்களே, ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு மருத்துவர் ‘30 பேருக்குச் செய்தேன், ஒருவருக்கும் தவறவில்லை’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பழைய முறையில் ஒருவருக்கு எலும்பு கூடும் வாய்ப்பு 0.946. இதை 30 முறை தன்னோடு பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 0.19. அதாவது, புதிய முறை பழையதைவிட எள்ளளவும் மேலானதாக இல்லாவிட்டாலும், ஐந்தில் ஒரு முறை 30-க்கு 30 வெற்றி தற்செயலாகவே வந்துவிடும். அது மட்டுமன்று. உண்மையான தோல்வி விகிதம் 10 விழுக்காடு வரை இருந்தாலும் 30 பேரில் ஒருவரும் தவறாமல் போகக்கூடும்.

இக்கவனம் வேண்டாத பிடிவாதமன்று. இதே மூட்டில் அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூட்டைப் பிணைக்காமல், தேய்ந்த எலும்பில் குழி செய்து, குருத்தெலும்பைப் போன்ற ஒரு செயற்கைப் பொருளைப் பதிக்கும் கார்ட்டிவா என்னும் சாதனத்துக்கு அமெரிக்க அரசு 2016-இல் ஒப்புதல் அளித்தது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 200 பேரை மூட்டுப் பிணைப்புடன் ஒப்பிட்டுப் பார்த்த, ஈராண்டு தொடர்ந்த முறையான சோதனையே இருந்தது. அப்படியிருந்தும், மறு அறுவை தேவைப்படுவதும் பதித்த பொருள் இடம் பெயர்வதும் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் காணப்படவே, 2024 அக்டோபரில் தயாரிப்பாளரே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அப்படியானால் துளைவழி முறை யாருக்கும் வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். முடக்குவாதத்துக்காக நெடுநாள் மருந்துண்டு தோல் காகிதம்போல் மெலிந்துவிட்டவர்கள், நீரிழிவினால் புண் எளிதில் ஆறாதவர்கள் ஆகியோருக்கு நீளமான கீறல் உண்மையிலேயே ஆபத்தானது. அவர்களிடம் மருத்துவர் சிறு துளையைப் பரிந்துரைத்தால் அது தழும்பின் அழகுக்காக அன்று. மற்றவர்கள் மருத்துவரிடம் தழும்பின் நீளத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? அவர்களில் எத்தனை பேரின் எலும்பு கூடியதை எக்ஸ் கதிர்ப் படத்தில் பார்த்தீர்கள்? அறுவைக்கு எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்த்தீர்கள்?