நடந்து படிக்கும் மதுரை

பழனிமலைத் தொடரிலுள்ள எங்கள் போளூரில் நடை என்றால் ஏற்றமும் இறக்கமும்தான். வழிகாட்ட ஆள் தேவையில்லை. பழமையான இடங்களுக்குக் குழுவாக அழைத்துப் போகும் மதுரையின் பசுமை நடைக்குப் போனபோதுதான் வழிகாட்டியின் அருமை எனக்கு விளங்கியது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த இந்த நடை, யானைமலையைக் காக்க 2010இல் எழுந்த குரலிலிருந்து பிறந்தது.

அந்த நடை போகும் கீழக்குயில்குடிச் சமணமலையில் செட்டிப்புடவு என்றொரு குகைத்தளம். நீண்ட காதுகளோடு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றே ஊர்மக்கள் நினைத்திருந்தார்கள். கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பக்கத்தில் நின்று, சிற்பத்தின் கீழுள்ள வட்டெழுத்தை எளிய தமிழில் விளக்குவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பள்ளியும், அதன் ஆசிரியரும் மாணவரும் அப்போது நமக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். அதே மலையின் பேச்சிப்பள்ளத்துச் சிற்ப வரிசையையும் அப்படித்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். படத்தில் பார்த்தால் போதாது. மூச்சு வாங்க ஏறியவனுக்கே அந்தப் பாறையில் உளி பிடித்தவனின் உழைப்பு புரியும்.

எங்கள் மலையிலும் நடந்து பார்க்கப் பழமை உண்டு. பழனிமலையின் பெருங்கற்காலக் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்ற பாதிரியார்கள் எழுதிய நூல் 1928இலேயே வந்துவிட்டது. கொடைக்கானலுக்கு வருகிறவர்களை அந்தக் கற்திட்டைகளுக்கும் யாராவது இப்படி அழைத்துப் போக வேண்டும். எங்கள் பிள்ளைகளை முதலில்.