மென்பொருள்களில் தமிழ் அகரவரிசை

மயிலாப்பூரில் பழைய மாணவர் சந்திப்பு ஒன்றுக்காகப் பெயர்ப்பட்டியலைக் கணினியில் வரிசைப்படுத்தினேன். கணேசன், கண்ணன், ஜெயா, தேவி, மாறன், மாலதி என்று வந்தது. வகுப்புப் பதிவேட்டில் நான் எழுதியிருக்கக்கூடிய வரிசை வேறு: கண்ணன், கணேசன், தேவி, மாலதி, மாறன், ஜெயா.

இந்தப் பிழைக்குக் காரணம், அந்த மென்பொருள் எழுத்துகளின் யூனிகோடு எண்களையே அகரவரிசையாகக் கொண்டதுதான். அந்த எண்வரிசை, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி அட்டவணையைத் தழுவியது. அதனால் ரகரத்தை அடுத்து றகரமும், நகரத்தை அடுத்து னகரமும், சகரத்தை அடுத்து ஜகரமும் நிற்கின்றன. புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கும் பிந்தியது. ஆகவே ‘ணே’ முந்தி, ‘ண்’ பிந்துகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் (1924–1936) மெய்யெழுத்தே முதலில் வரும். ‘பக்கம்’ முன்னும் ‘பகல்’ பின்னும் இருக்கும்.

யூனிகோடைக் குறைகூறிப் பயனில்லை. எண் வேறு, வரிசை வேறு. சரியான தமிழ் வரிசைக்கான விதிகளை யூனிகோடு கூட்டமைப்பே சி.எல்.டி.ஆர். என்னும் தரவுத்தொகுப்பில் இலவசமாகத் தருகிறது. நிரலாளர் அதைப் பயன்படுத்தினால் போதும். பலர் பயன்படுத்துவதில்லை என்பதே குறை.

எழுத்து எண்ணிக்கையிலும் இதே கதைதான். ‘தமிழ்’ என்பதை ஐந்து என எண்ணும் கருவிகள் உள்ளன. முதல் வகுப்புப் பிள்ளை மூன்று என்பாள்.

நூலின் சொல்லடைவு இப்படிப் பிழைபட்டால், தேடுபவர் அச்சொல் நூலிலேயே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். விரிதாள்களும் நிரல்மொழிகளும் தமிழ் வரிசையைத் தாமாகவே கையாள வேண்டும். அதைப் பயனர் தேடி அமைக்கும்படி விடக்கூடாது.