விடைத்தாளில் இரண்டு படங்கள்

நண்பர் ஒருவர் தாம் வேலை பார்க்கும் கல்லூரியில் மாணவர்களுக்கு இரண்டு படங்களைத் திரையிட்டு, மனதில் பட்டதை ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்லியிருந்தார். சிட்னி லூமெட்டின் '12 ஆங்க்ரி மென்' (1957), அஸ்கார் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011). காகிதக் கட்டு என்னிடம் வந்தது, அபிப்பிராயம் சொல்லவும் மதிப்பெண் போடவும்.

இரண்டும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றவை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் 'இது ஒரு சிறந்த படம்' என்றுதான் தொடங்குகிறார்கள். தீர்ப்பான பிறகு சாட்சி சொல்கிற காரியம் இது. பரிசு பற்றிச் சொல்வதென்றால் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். லூமெட்டின் படம் மூன்று பரிந்துரைகளையும் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்திடம் இழந்தது. அதில் திரைக்கதைக்கான பரிசு நாவலாசிரியர் பியேர் பூல் பெயருக்குப் போயிற்று. எழுதிய மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். அகாதெமி அவர்கள் பெயரை ஒப்புக்கொண்டது 1984ல்தான்.

அடுத்தது, கதைச் சுருக்கம். அதற்கும் அடுத்தது, கருத்து. 'நீதி இறுதியில் வெல்லும்.' 'கணவன் மனைவி விட்டுக்கொடுத்து வாழ வேண்டும்.' செய்யுளுக்குத் திரண்ட பொருள் எழுதிப் பழகிய கை வேறென்ன எழுதும்? லூமெட்டின் படத்தில் நீதி வென்றதா என்பதே நமக்குத் தெரியாது. பையன் தகப்பனைக் கொன்றானா இல்லையா என்று படம் கடைசி வரை சொல்வதில்லை. சந்தேகத்துக்கு இடம் உண்டு என்ற அளவில் நின்றுவிடுகிறது. அனேகமாக ஒரே அறைக்குள் நடக்கிற படம். போகப்போக லூமெட் லென்ஸின் குவிய நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். கண்மட்டத்துக்கு மேலிருந்த காமிரா கீழே இறங்குகிறது. சுவர்கள் நெருங்குகின்றன, கூரை தெரிய ஆரம்பிக்கிறது. ஜூரிகளோடு நாமும் அடைபடுகிறோம்.

ஒரே ஒரு பையன், 'பாதிக்கு மேல் எனக்குப் புழுக்கமாக இருந்தது' என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டிருக்கிறான். அடித்த இடத்துக்குக் கீழே, 'நீதி வெல்லும்.' அவன் உடம்பு படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறது. அதையெல்லாம் கருத்தாக எண்ணக்கூடாது என்று படிப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஃபர்ஹாதி படத்துக்கு வந்த குறிப்புகளில் பாதி, மகள் டெர்மே தகப்பனைத் தேர்ந்தாளா, தாயைத் தேர்ந்தாளா என்ற கேள்வியில் முடிகின்றன. சொல்லாமல் விட்டது குறை என்று சிலர். கண்ணாடித் தடுப்பின் இரு பக்கமும் பெற்றோர் காத்திருக்க எழுத்துக்கள் ஓடுகின்றனவே, அந்தக் காத்திருப்பு அவர்களுக்குப் படத்தின் பகுதியாகவே படவில்லை.

ஒரு பெண் மட்டும் டெர்மேயை விட்டுவிட்டாள். வேலைக்காரி ரஸியே கூடவே அழைத்துவரும் சிறுமி சொமாயே பற்றித்தான் பக்கம் முழுவதும். அம்மா வேலை செய்கிற வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாத பிள்ளை அது என்கிறாள். தானும் அப்படிப் போனவள் என்று ஒரு வரியில் சொல்லி நிறுத்திவிடுகிறாள்.

நான் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவன். அற நெருக்கடி, வர்க்கம் என்றெல்லாம் பேசியுமிருக்கிறேன். கிழவரின் ஆக்ஸிஜன் குழாயைத் திருகி விளையாடுகிற குழந்தை என்பதற்கு மேல் சொமாயே என் ஞாபகத்தில் இல்லை. என் பேச்சும் ஒருவகைத் திரண்ட பொருள்தான் என்று அப்போது பட்டது.

இதனால் சொந்த அனுபவத்தைச் சொல்வதே விமர்சனம் என்று ஆகிவிடாது. அந்தப் பெண் அங்கிருந்து மறுபடி படத்துக்குள் போயிருக்க வேண்டும். ரஸியே மீது கார் மோதுவதை ஃபர்ஹாதி ஏன் காட்டாமல் வெட்டிவிடுகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை. ஆனால் கேட்கக்கூடிய இடத்தில் நிற்கிறாள். சுருக்கம் எழுதியவர்கள் அங்கு வந்து சேரவேயில்லை.

மதிப்பெண் போடவில்லை. அந்தப் பையன் அடித்த வரிக்குப் பக்கத்தில் 'இது இருக்கட்டும்' என்று எழுதிக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.