கை உயர்த்தியவரெல்லாம் மனந்திரும்பியவரா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை சி.டி.எச். சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்தால், சென்னையின் மேற்குப் புறநகரில் நற்செய்திப் பணி எவ்வளவு வேர்விட்டிருக்கிறது என்பது தெரியும். பழைய ஆலயங்களுக்கு நடுவே கடை மாடிகளிலும், தகரக் கூரைக் கூடங்களிலும், வாடகை வீட்டு முன்னறைகளிலும் சுயாதீன சபைகள் கூடுகின்றன. பூந்தமல்லி, திருவேற்காடு, பட்டாபிராம் பக்கமும் இதே நிலைதான். சுவிசேஷம் சொல்வது, கேட்டவரைத் தீர்மானத்துக்கு அழைப்பது, ஞானஸ்நானம் கொடுப்பது என்ற வரிசையில்தான் இவற்றில் பல வளர்ந்திருக்கின்றன. கூட்டத்தின் முடிவில் எல்லோரையும் கண்களை மூடச் சொல்கிறார் போதகர். இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்கிறார். உயர்ந்த கைகள் எண்ணப்படுகின்றன.

அந்தக் கைகளில் மெய்யான மனமாற்றம் எத்தனை? சபைக்கு வெளியே இருப்பவர்கள் இதைச் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கேட்கவே தயங்குகிறார்கள். சபையை நேசிப்பவன் என்ற உரிமையில் நான் கேட்கிறேன். மனிதரைத் தேடிப் போவதில் இந்தப் பணி பலமாக இருக்கிறது. தேடிக் கண்டவரை அளக்கும் முறையில்தான் அது தடுமாறுகிறது.

தேடிப்போகும் பலம்

தொழிற்சாலைகள் உருவாக்கிய பகுதி இது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. தென்மாவட்டங்களிலிருந்தும் வட தமிழகக் கிராமங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். ஊரில் இருந்த பங்காளிகளும் குலதெய்வக் கோயிலும் தெரிந்த முகங்களும் இல்லாத வாடகை வீட்டில், வேலை போனாலும் நோய் வந்தாலும் விசாரிக்க ஆளில்லை. அப்படிப்பட்ட வாசலில் வந்து நின்று, "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்பவர் பல நேரங்களில் ஒரு சிறிய சபையின் ஊழியராக இருக்கிறார். குடியில் மூழ்கிய கணவனோடு போராடும் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நாலு பேர் துணை கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் இரவு உடனிருக்கவும், சாவு வீட்டில் காரியம் பார்க்கவும் சபை ஆட்கள் வருகிறார்கள். இந்த அன்பைத் தூண்டில் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவது அநியாயம்.

இன்னொரு பலமும் உண்டு. இந்த அழைப்பு குலத்தையோ குடும்பத் தலைவரையோ நோக்கிப் போகாமல், எதிரே நிற்கும் ஆளையே கேட்கிறது. வீட்டில் எந்த முடிவிலும் கருத்துக் கேட்கப்படாத பெண்ணிடமும், ஊர்க் கூட்டத்தில் ஓரமாக நிற்கவைக்கப்பட்டவரிடமும் "நீங்கள் என்ன தீர்மானிக்கிறீர்கள்?" என்று கேட்பது சிறிய விஷயமல்ல. பரம்பரைக் கிறிஸ்தவர்களையும் இந்தக் கேள்வி உலுக்கியிருக்கிறது. 1959இல் திருநெல்வேலிப் பகுதி இளைஞர்களின் ஜெபக் குழுக்களாகத் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட், சாதாரணத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் சிறு காணிக்கையைக் கொண்டே வட இந்தியா வரை மிஷனரிகளை அனுப்பியது. பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்த குடும்பங்களில் தனிமனிதத் தீர்மானம் மூட்டிய தீ இல்லாமல் அது நடந்திருக்காது.

அளக்கும் முறையின் பிழை

கூட்டத்தின் முடிவில் தீர்மானத்துக்கு அழைக்கும் முறை வேதத்தோடு பிறந்ததல்ல. 1830களில் அமெரிக்காவில் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி, மனம் கலங்கியவர்களை முன்வரிசை இருக்கைக்கு அழைத்ததில் அது வலுப்பெற்றது. பில்லி கிரகாம் அதைப் பெருங்கூட்டங்களின் வழக்கமாக்கினார். 1956இல் அவர் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்தார். ஒரே கடவுளைப் பற்றிய போதனையில் ஊறிய அமெரிக்க ஊரில், கேட்டதை இன்று கைக்கொள்கிறாயா என்பதே அந்த அழைப்பின் பொருள். ஆடி மாதம் கருமாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கு நடந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தர்காவில் மந்திரித்துக்கொள்ளும் ஊரில் அதே அழைப்புக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. இங்கே கை உயர்த்துபவர் பொய் சொல்லவில்லை. இந்தச் சாமியும் உதவட்டும் என்று மெய்யான நம்பிக்கையோடும் மரியாதையோடும் உயர்த்துகிறார். பழையதை விட்டு ஒருவரைப் பற்றிக்கொண்டதாக அதைப் பதிவு செய்வது எண்ணுகிறவர். பொய் அந்தக் கணக்கில்தான் பிறக்கிறது.

அடுத்தது சாட்சி. முன்பு இப்படி இருந்தேன், இயேசு தொட்டார், இப்போது இப்படி இருக்கிறேன் என்ற வடிவம் உண்மையான அனுபவத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வாரந்தோறும் மேடையில் கேட்டுக் கேட்டு, புதிதாக வந்தவர் தன் வாழ்க்கையை அந்த வடிவத்துக்குள் அடக்கக் கற்றுக்கொள்கிறார். நோய் தீராதவருக்கும் கடன் அடையாதவருக்கும் சொல்லச் சாட்சி இல்லாமல் போகிறது. தீராத நோயை அவிசுவாசத்தின் அடையாளம் என்று போதிக்கும் இடத்தில், சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமாகிவிடுகிறது. அற்புத சுகம் தருவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும். ஒருவரின் உடலைப் பணயம் வைத்து அவரது விசுவாசத்தைச் சோதிப்பதைச் சுவிசேஷம் என்று அழைக்கவே கூடாது.

மூன்றாவது, வெளி அடையாளம். பல பெந்தெகொஸ்தே சபைகளில் பொட்டை அழிப்பதும், பூ வைக்காமல் இருப்பதும், நகையைக் கழற்றுவதும் மனந்திரும்புதலுக்குச் சான்றாகின்றன. சோதனையின் பாரம் முழுவதும் பெண்ணின் நெற்றியிலும் கழுத்திலும் இறங்குகிறது. அதே சபையில் மூத்த விசுவாசி தன் மகனுக்குச் சொந்தச் சாதியில்தான் பெண் தேடுகிறார். கிறிஸ்தவ மணமகள் தேவை என்ற விளம்பரத்தில் சாதிப் பெயர் கூசாமல் நிற்கிறது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களைக்கூடச் சாதிச் சுவர் பிரித்திருந்தது. போலி விசுவாசத்தை நேற்று வந்த பெண்ணின் பொட்டில் தேடுபவர்கள், மூன்று தலைமுறையாக ஆலயத்தில் இருப்பவரின் திருமண அழைப்பிதழில் தேடுவதில்லை.

எண்ணிக்கையின் மீதுள்ள மோகம் இவை எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு மாறியவரும் இரட்சிக்கப்பட்ட ஆத்துமாவாகக் கணக்கில் ஏறுகிறார். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் பங்கு 2001 கணக்கெடுப்பில் 6.07 சதவீதம், 2011இல் 6.12 சதவீதம். பதிவுக்கு வராதவர்களைச் சேர்த்துப் பார்த்தாலும், மேடைகளில் முழங்கும் அறுவடைக் கணக்கையோ, மாநிலமே மதம் மாறுகிறது என்ற அச்சத்தையோ இந்த எண்கள் தாங்காது.

முன்னோர் வைத்த சோதனைகள்

இந்தக் கேள்வி பழையது. அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் தன் ஊரான நார்த்தாம்ப்டனில் எழுப்புதலை நேரில் கண்டவர். அதன் பிறகு 1746இல், அழுகை, உடல் நடுக்கம், சரளமான பேச்சு, வசனங்கள் மனதில் பாய்வது ஆகியவை மெய்யான மனமாற்றத்தை நிரூபிக்கவும் மாட்டா, மறுக்கவும் மாட்டா என்று எழுதினார். மெய்யான மனமாற்றத்துக்கு அவர் தந்த அடையாளங்களில் நீடித்த நடத்தையே உச்சம். எழுப்புதலை ஆதரித்தவரே இதைச் சொன்னார் என்பதை நம் சபைகள் கவனிக்க வேண்டும்.

நம் மண்ணின் சோதனைகள் இன்னும் கூர்மையானவை. 1876-78 பெரும் பஞ்சத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் ஓங்கோலில் பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பட்டினியில் வாடியவர்களுக்கு வேலை கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் கேட்டார்கள். நிவாரணம் கொடுக்கும் காலத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நிவாரணம் முடிந்து, கொடுக்கப் பணம் இல்லை என்று சொன்ன பிறகும் மக்கள் திரும்பிப் போகவில்லை. 1878 ஜூலை 3 அன்று 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இவர்களையும் சோற்றுக் கிறிஸ்தவர்கள் என்றவர்கள் உண்டு. சோறு நின்ற பிறகும் நின்றவர்கள் அவர்கள்.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் வேறொரு சோதனை வைத்தது: எந்தச் சாதியார் சமைத்தாலும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேதத்தை நன்றாக அறிந்த உபதேசியார்களிலேயே பலர் அந்தப் பந்தியில் உட்கார மறுத்து வேலையை இழந்தார்கள். பல வருஷப் பிரசங்கம் காட்டாததை ஒரு வேளைச் சாப்பாடு காட்டியது. மிஷனரிகள் அதிகாரத்தால் இதைத் திணித்தது குறைதான். ஆனாலும் எங்கே வலிக்குமோ அங்கே கேட்டது அந்தச் சோதனை.

பெருந்திரளான மதமாற்றங்களை இந்தியா முழுவதும் ஆராய்ந்த வாஸ்கம் பிக்கெட் 1933இல் வெளியிட்ட நூல், எளிதாகத் தீர்ப்பிடும் பழக்கத்தை உடைத்தது. உதவி நாடியோ, உறவினரைப் பின்பற்றியோ வந்தவர்களும், தொடர்ந்த போதனையும் ஆராதனையும் கிடைத்த இடங்களில் உறுதியான விசுவாசிகளாக வளர்ந்திருந்தார்கள் என்று அவர் கண்டார். உள்ளே வந்த காரணத்தைவிட, வந்த பின் கிடைத்த கவனிப்பே அதிகம் தீர்மானித்தது. கிளவும் பிக்கெட்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும், இருவரும் பொறுப்பை ஊழியரின் தோளில்தான் வைக்கிறார்கள். சுவிசேஷத்தோடு அரிசியைக் கலக்காதே என்கிறது ஒருவரின் செயல். கலந்து வந்தவரைக் கைவிடாதே என்கிறது மற்றவரின் ஆய்வு.

ஞானஸ்நானமே அளவுகோல் என்ற எண்ணத்தை அசைத்தது சென்னையிலேயே நடந்த ஆய்வு. கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியோடு தொடர்புடைய ஹெர்பர்ட் ஹோஃபர் வெளியிட்ட 1991ஆம் ஆண்டு நூல், ஞானஸ்நானம் பெறாமல், எந்தச் சபையிலும் சேராமல், இயேசுவையே வழிபடும் மக்கள் சென்னையிலும் தமிழகக் கிராமங்களிலும் ஏராளம் என்று காட்டியது. குடும்பத்தை உடைக்க முடியாத பெண்கள் அவர்களில் பலர். ஏட்டில் பெயர் இருந்தும் விசுவாசம் இல்லாதவர் உண்டு என்பது நமக்குத் தெரியும். விசுவாசம் இருந்தும் ஏட்டில் இல்லாதவரும் உண்டு என்பதை ஹோஃபர் நினைவூட்டினார்.

ஏழைக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

பணக்காரர் மதம் மாறினால் அதைத் தேடல் என்கிறோம். தலித் மாறினால் என்ன கொடுத்தார்கள் என்று கேட்கிறோம். 1936-37இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மதங்களை எடைபோடும் ஆற்றல் இல்லை என்ற தொனியில் காந்தியே பேசியபோது, வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயரான வே.ச. அசரியா போன்றவர்கள் புண்பட்டார்கள். மானத்தோடு வாழ விரும்புவதும் ஆன்மாவின் பசிதான். அதை ஆசைகாட்டலின் விளைவு என்று குறுக்குவது அவமதிப்பு.

அரசும் இந்தச் சோதனையில் இறங்கியிருக்கிறது. 1977இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில், மதத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். அதனால் சபையில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொன்றுமாக வாழ்பவர்கள் உண்டு. 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரி வழக்கில், மெய்யான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தை மாற்றிச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான்றிதழ் விஷயத்தில் பொய் சொல்வதைச் சபை நியாயப்படுத்தக் கூடாது. அதே நேரத்தில், சாதிக் கொடுமை ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிடுவதாகப் பாவித்து, பசியா விசுவாசமா என்று ஏழையை நெருக்கும் ஆணையை எதிர்க்காமல், அந்த மனிதரை மட்டும் போலி என்று பிரசங்கிப்பது கோழைத்தனம். வற்புறுத்தலைச் சட்டம் தடுக்கலாம். விசுவாசத்தை அளக்கும் கருவி அதனிடம் இல்லை.

என்ன செய்யலாம்?

ஆதிச் சபை ஞானஸ்நானத்துக்கு முன் நீண்ட காலம் போதித்தது. ஹிப்போலித்துவின் பெயரால் வழங்கும் பழைய ஒழுங்கு நூல் 3 ஆண்டுகளைச் சொல்கிறது. அந்தக் காலத்தில் விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் பார்க்கப் போனாரா என்று விசாரிக்கவும் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1972இல் இந்த முறையைப் புதுப்பித்தது. நம் புறநகர்ச் சபைகளும் கை உயர்த்தியவரை விசுவாசி என்று உடனே அறிவிக்காமல், ஓராண்டாவது கூட நடக்கலாம். டியூஷனும் மருத்துவ உதவியும் ஆராதனைக்கு வராதவருக்கும் அதே அளவு கிடைக்க வேண்டும். வருவதை நிறுத்தியவருக்கும் நிற்கக் கூடாது. ஜெபிக்கும் ஊழியரே மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்ல வேண்டும். சபையின் அறிக்கையிலிருந்து ஆத்துமாக்களின் எண்ணிக்கை மறைய வேண்டும்.

களையையும் கோதுமையையும் அறுவடை வரை சேர்ந்து வளரவிடச் சொன்ன உவமையை நம்புகிறவர்கள், மனிதரின் உள்ளத்துக்கு இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. நடத்தையைக் கேட்கலாம். வீட்டில் கை ஓங்குவது நின்றதா? சாதி பார்க்காமல் சம்பந்தம் பேச முடிகிறதா? பணத்தில் நேர்மை வந்ததா? இவற்றைப் புதிதாக வந்தவரிடம் கேட்பதற்கு முன் போதகரிடமும் மூப்பர்களிடமும் கேட்க வேண்டும். காணிக்கைக் கணக்கைச் சபை முன் விரிக்கும் ஊழியரும், பிள்ளைகளின் கல்யாணத்தில் சாதியைத் தள்ளும் மூப்பரும் இருக்கும் சபையில், வந்தவருக்கு மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் இல்லாத சபைக்குப் பிறர் விசுவாசத்தைப் போலி என்று சொல்லும் தகுதி கிடையாது.