வாசலில் நின்ற வீரன்: ஹெராக்ளீஸ் சிற்பங்களும் நம் ஒப்பீடுகளும்

ஹெர்குலிஸ் என்றதும் நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சைக்கிள்தான். 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தயாரித்து ஊர் ஊராக அனுப்பிய அந்தச் சைக்கிளின் பெயர் ஒரு கிரேக்க வீரனுடையது என்பது, அதை ஓட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! பிள்ளைகளுக்கோ அவன் 1997-ல் வெளிவந்த டிஸ்னி கார்ட்டூன் படத்தின் கதாநாயகன். தில்லிப் பள்ளிகளில் படிக்கும் நம் குழந்தைகள் வீட்டுக்கு வந்து, "அப்பா, ஹெர்குலிஸ்தானே நம்ம பீமன்?" என்று கேட்கிறார்கள். கையில் கதை, உடம்பில் பலம், கேள்வி நியாயமானதே. விஷயம் தெரிந்த பெரியவர்கள், "பீமன் இல்லேடா, கிருஷ்ணன்" என்று திருத்துகிறார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், ஹெராக்ளீஸின் மகள் பாண்டிய நாட்டை ஆண்டாள், ஆகவே அவள்தான் நம் மீனாட்சி என்று முடித்துவிடுகிறார்கள்.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சரியா என்பதைப் பெயர்களை வைத்து மட்டும் முடிவு செய்யலாகாது. கல்லிலும் உலோகத்திலும் அந்த வீரனை வடித்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். கிரேக்கர்கள் ஹெராக்ளீஸ் என்றும் ரோமானியர்கள் ஹெர்குலிஸ் என்றும் அழைத்த இவ்வீரன், தேவர் தலைவன் சீயஸுக்கும் ஒரு மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன். சீயஸின் மனைவி ஹீராவின் கோபத்தால் புத்தி பேதலித்துத் தன் பிள்ளைகளைத் தானே கொன்றுவிடுகிறான். அந்தப் பாவம் தீர, தன்னைவிடத் தாழ்ந்த ஓர் அரசனுக்கு ஊழியம் செய்து, அவன் இட்ட 12 பணிகளையும் முடிக்கிறான். முதல் பணி நெமியா என்ற ஊரில் திரிந்த சிங்கத்தைக் கொல்வது. எந்த ஆயுதமும் துளைக்காத அந்தச் சிங்கத்தைக் கழுத்தை நெரித்துக் கொன்று, அதன் தோலையே போர்வையாக அணிகிறான். கடைசியில் சிதையேறி மாண்டு, தேவருலகம் சேர்கிறான். சிங்கத்தோல், கதாயுதம், உழைத்துக் களைத்த உடம்பு ஆகிய மூன்றுமே சிற்பிகளுக்கு அவன் அடையாளங்கள்.

இவன் இந்தியாவுக்கு வந்தான் என்று எழுதியவர் மெகஸ்தனீஸ். கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்தவர். அவருடைய 'இண்டிகா' நூல் அப்படியே கிடைக்கவில்லை. பின்வந்த ஆரியன் முதலியோர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. சூரசேனர்கள் ஹெராக்ளீஸை வணங்குகிறார்கள், அவர்களுடைய நகரங்களில் ஒன்று மெதோரா என்கிறது அக்குறிப்பு. சூரசேனம், மதுரா என்றால் கண்ணனைத் தவிர வேறு யார்? அறிஞர்கள் பெரும்பாலோர் இதை ஏற்கின்றனர். அடுத்து, ஹெராக்ளீஸுக்குப் பண்டையா என்று ஒரே மகள், அவளுக்கு ஒரு நாட்டையும் 500 யானைகளையும் 4,000 குதிரை வீரர்களையும் 1,30,000 காலாட்களையும் கொடுத்தான், கடலில் கண்டெடுத்த முத்தை அவளுக்கு அணிவித்தான் என்றும் வருகிறது. முத்தும் பாண்டியும் சேர்ந்தால் நமக்குக் கொற்கை நினைவுக்கு வராமல் இருக்குமா? கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் பாண்டிய நாட்டு முத்தைச் சொல்கிறது. ஆக, பாண்டியரின் புகழ் அந்நாளிலேயே பாடலிபுத்திரம்வரை எட்டியிருந்தது என்று கொள்ள இடமிருக்கிறது. அதுவரைக்கும் நாம் பெருமைப்படலாம்.

ஆனால் அங்கிருந்து மீனாட்சிக்குத் தாவுவதுதான் சிக்கல். தடாதகைப் பிராட்டியின் கதையை விரிவாகச் சொல்லும் திருவிளையாடற் புராணங்கள் மெகஸ்தனீஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. இரண்டிலும் ஒரு மகள் அரசாள்கிறாள் என்பது சுவையான ஒற்றுமை. அதற்கு மேல் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. மெகஸ்தனீஸ் செய்தது என்ன? புதிய ஊரில் புதிய தெய்வத்தைப் பார்த்தார். தம் ஊர்ப் பெயரை அதற்குச் சூட்டினார். வடக்கே வந்த புதிதில் நாமும் இதைத்தான் செய்தோம். கடியை மோர்க்குழம்பு என்றோம். ராஜ்மாவை அவரைக்கொட்டை என்றோம். புரிந்துகொள்ள அது முதல் படி. அதையே கடைசிப் படியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

மெகஸ்தனீஸுக்குப் பின் வந்த கிரேக்கர்கள் அந்தப் படியில் நிற்கவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. பாக்திரியாவை ஆண்ட அகதோக்ளீஸ் என்ற கிரேக்க அரசன் கி.மு. 180 வாக்கில் வெளியிட்ட சதுர வெள்ளிக் காசுகள், ஆப்கானிஸ்தானில் ஆய் கானும் என்னுமிடத்தில் 1970-ல் பிரெஞ்சு அகழாய்வாளர்களுக்குக் கிடைத்தன. அவற்றில் ஒருபுறம் சக்கரமும் சங்கும் ஏந்திய வாசுதேவன். மறுபுறம் கலப்பை ஏந்திய பலராமன். எழுத்தும் ஒருபுறம் கிரேக்கம், மறுபுறம் பிராமி. இதே ஆய் கானுமில் சிங்கத்தோலின்றி, தன் தலையில் தானே மாலை சூடிக்கொள்ளும் ஹெராக்ளீஸின் சிறு வெண்கலச் சிலையும் கிடைத்துள்ளது. அங்கிருந்த உடற்பயிற்சிக் கூடமே ஹெர்மீஸுக்கும் ஹெராக்ளீஸுக்கும் உரியதாக இருந்தது. அதாவது, ஒரே ஊரில் ஹெராக்ளீஸும் இருக்கிறான், வாசுதேவனும் இருக்கிறான். இருவரையும் போட்டுக் குழப்பவில்லை.

இரண்டாவது சான்று நம் ரயில் பாதை ஓரத்திலேயே இருக்கிறது. ஊருக்குப் போக நாம் ஏறும் ஜி.டி., தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வண்டிகள் மதுராவைக் கடந்து விதிஷா வழியாகத்தான் போபால் செல்கின்றன. விதிஷாவை அடுத்த பேஸ்நகரில், தட்சசீலத்திலிருந்து தூதனாக வந்த ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டிய கருடத் தூண் இன்றும் நிற்கிறது. அதில் அவன் தன்னைப் பாகவதன் என்கிறான். தூண் வாசுதேவனுக்கு என்கிறான். ஹெராக்ளீஸ் என்ற பேச்சே இல்லை. மெகஸ்தனீஸுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த மண்ணில் பழகிவிட்ட ஒரு கிரேக்கனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை!

இனிச் சிற்பத்தைப் பார்ப்போம். கிரேக்க நாட்டில் ஒலிம்பியா நகரத்துச் சீயஸ் கோயிலில் கி.மு. 460 வாக்கில் 12 பணிகளையும் 12 பலகைகளில் செதுக்கினார்கள். அவற்றில் ஒன்றில் ஹெராக்ளீஸ் வானத்தையே தோளில் தாங்கி நிற்கிறான். தோள் வலிக்காமல் இருக்க ஒரு மெத்தையை மடித்து வைத்திருக்கிறான். நம் ஊர் மூட்டை தூக்குபவர் வைக்கும் சும்மாடு மாதிரி! பின்னால் நிற்கும் அதீனா தேவி சிரமமே இல்லாமல் ஒரு கையை உயர்த்தி உதவுகிறாள். தெய்வத்துக்கு எளிது, மனிதனுக்குப் பாரம் என்பதை ஒரே பலகையில் சொல்லிவிட்டான் அந்தச் சிற்பி.

இப்போது மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துக்கு வாருங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பம். கண்ணன் கோவர்த்தன மலையைத் தாங்குகிறான். தோளில் தாங்கவில்லை, ஒற்றைக் கையை மேலே உயர்த்தியிருக்கிறான், அவ்வளவே. உடம்பில் எங்கும் இறுக்கம் இல்லை. பக்கத்திலேயே ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. மேலே மலை தொங்குகிறது என்ற கவலை யாருக்கும் இல்லை. இங்கே கண்ணன் நிற்கும் இடம் ஒலிம்பியாவில் ஹெராக்ளீஸின் இடமன்று, அதீனாவின் இடம். ஒருவன் உழைத்துத் தெய்வமானவன். மற்றவன் தெய்வமாகவே இருந்து விளையாடுபவன். பெயரை மட்டும் பார்த்தவர் இருவரும் ஒன்று என்றார். கல்லைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அப்படியானால் இந்த மண்ணில் ஹெராக்ளீஸுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் காந்தாரச் சிற்பிகள். புத்தருக்கு அருகில் எப்போதும் வஜ்ராயுதத்துடன் காவல் நிற்கும் வஜ்ரபாணியை உருவாக்க வேண்டிவந்தபோது, பல சமயங்களில் ஹெராக்ளீஸின் உருவத்தையே எடுத்துக்கொண்டார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு காந்தாரக் கற்சிற்பத்தில் வஜ்ரபாணியின் தலையில் சிங்கத்தோல். அதன் முன்னங்கால்கள் மார்பில் முடிச்சிடப்பட்டுள்ளன. கையில் மட்டும் கதைக்குப் பதில் வஜ்ரம். ஆப்கானிஸ்தானின் ஹட்டாவில் தோளில் சிங்கத்தோலோடு புத்தர் பக்கத்தில் அமர்ந்திருந்த அழகான சுதை உருவம் போர்க்காலத்தில் அழிந்துபோயிற்று, புகைப்படங்களே மிச்சம். மதுராவில் கன்னிங்ஹாம் கண்டெடுத்த, சிங்கத்தோடு பொருதும் ஹெராக்ளீஸ் சிற்பம் கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் இருக்கிறது. குஷாண மன்னன் ஹுவிஷ்கனின் காசிலும் இவன் தன் பெயரோடேயே இடம்பெற்றான். காவல் வேலை இவனை இன்னும் கிழக்கே கொண்டுபோயிற்று. ஜப்பானில் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயில் வாசலில் 1203-ல் உன்கேய், கைகேய் என்ற சிற்பிகள் நிறுத்திய எட்டு மீட்டருக்கும் உயரமான இரு மரக் காவலர்களும் வஜ்ரபாணி வழி வந்தவர்களே.

நுட்பமான முடிவு இது. மனிதனாகப் பிறந்து, பாவம் செய்து, ஊழியம் செய்து, மாண்டபின் தெய்வமானவன் எங்கே நிற்க வேண்டும்? கருவறையில் அல்ல, வாசலில். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மதுரைவீரன் நிற்கும் இடம் எது? எல்லையில் அரிவாளோடு நிற்கும் நம் காவல் தெய்வங்களில் எத்தனை பேர் வாழ்ந்து, அடிபட்டு, மாண்டு, தெய்வமானவர்கள்! ஹெராக்ளீஸுக்கு நம்மில் உறவு தேடினால் கண்ணனைவிட இவர்களே நெருங்கியவர்கள் என்பது என் கருத்து. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலின் துவாரபாலகர்கள் பெரிய கதையின்மேல் சாய்ந்து நிற்கிறார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள ஃபர்னீஸ் ஹெர்குலிஸ் சிலையும் கதையின்மேல் சாய்ந்தே நிற்கிறது.

உடனே, துவாரபாலகர் கிரேக்கத்திலிருந்து வந்தவர் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்! அதற்குச் சான்று கிடையாது. நெடுநேரம் காவல் நிற்பவன் எந்த நாட்டிலும் எதன்மேலாவது சாய்ந்துதான் நிற்பான். இந்த எச்சரிக்கையை நமக்குக் கற்றுக் கொடுத்தவர் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. புத்தர் உருவமே கிரேக்கர் தந்த கொடை என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே வாதிட்டபோது, 1927-ல் குமாரசுவாமி மதுராவின் யட்சர் சிற்ப மரபைக் காட்டி மறுத்தார். கிரேக்கச் சாயல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சாயல் வேறு, மூலம் வேறு என்றார். அன்று எல்லாம் அவர்களிடமிருந்து வந்தது என்றார்கள். இன்று நாம் எல்லாம் நம்மிடமிருந்து போயிற்று என்கிறோம். இரண்டும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள்.

மேற்கிலும் இந்த ஆசை இருந்தது. ரோமப் பேரரசன் கொம்மோதஸ் சிங்கத்தோலைத் தானே போர்த்திச் சிலை வைத்துக்கொண்டான். ஸ்பெயின் மன்னர்கள் ஹெர்குலிஸைத் தம் குலமுதல்வன் என்றார்கள். நான்காம் ஃபிலிப்பின் அரண்மனைக்கு 1634-ல் சுர்பரான் வரைந்த பத்து ஹெர்குலிஸ் ஓவியங்கள் மத்ரீத் நகரத்துப் பிராதோவில் உள்ளன. அவை நல்ல ஓவியங்களே. ஆனால் வம்சப் பெருமைக்காக அழைத்த வீரனை அவர்கள் ராஜாவாக்கினார்கள். காந்தாரச் சிற்பியோ அவனை உள்ளபடி பார்த்து, அவன் செய்யத் தெரிந்த வேலையைக் கொடுத்தான். எது மரியாதை?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் கலை விவாதம் அல்ல. சரோஜினி நகரின் பழைய அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்திருக்கும் காலத்தில், அங்கே வளர்ந்த தலைமுறை தன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்று தேடுகிறது. 'எல்லாம் நம்முடையதே' என்று சொல்லிக் கொடுப்பது சுலபம். ஆனால் பள்ளியில் ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பெருமை நிற்காது. 'இது நம்முடையது, அது அவர்களுடையது, இரண்டும் இந்த இடத்தில் சந்தித்தன' என்று சொல்லிக் கொடுத்தால் நிற்கும்.

ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகம் சரோஜினி நகரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய்க் காந்தாரச் சிற்பங்களின் முன் நிறுத்துங்கள். "இவர் நம்ம யாரு?" என்று கேட்டால் உடனே பெயர் சொல்லிவிடாதீர்கள். "அவர் கையில் என்ன இருக்கு, யாருக்குப் பக்கத்தில் நிக்கிறார், என்ன வேலை செய்யறார், பாரு" என்று சொல்லுங்கள். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.